காரீயமும் துத்தநாகமும்

திருமயிலையில் கபாலீசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளில் பாத்திரக் கடைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் புகுந்து ஈயச் சொம்பு வேண்டும் என்று கேட்டால், மங்கிய வெள்ளிபோல் ஒளிரும் சிறு பாத்திரம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். அதில் வைத்த இரசத்துக்குத் தனிச் சுவை உண்டு என்பது நம் வீட்டுப் பெரியோர் கொள்கை. வெறுஞ் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்தால் அது உருகி ஓடிவிடும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்; 232 பாகை வெப்பமே அதனை உருக்கப் போதும்.

பெயர் ஈயம், ஆயினும் அது காரீயம் அன்று, வெள்ளீயம். நம் மொழியில் ஈயம் என்னும் ஒரு சொல்லே இரண்டு உலோகங்களுக்கும் பொதுவாய் வழங்குகின்றது. வெள்ளீயம் உணவோடு உறவாடத் தக்கது. காரீயமோ நஞ்சு. உடலிற் புகுந்தால் அது எளிதில் வெளியேறாது; எலும்பில் தங்கும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலால் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து பாத்திரம் செய்து விற்பவன், பொய்யெடை போடுபவனினும் கொடியவன் ஆவான். காரீயத் துண்டு ஒன்றை வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்லியதொரு கிறீச்சொலி எழும். நீரைக் காட்டிலும் வெள்ளீயம் 7.3 மடங்கும் காரீயம் 11.3 மடங்கும் கனமானவை. தனித்தனியே இருந்தால் இவ்வாறு பிரித்தறியலாம். கலந்துவிட்டாலோ ஆய்வுக்கூடத்தின் துணை வேண்டும்.

நஞ்சாயினும் காரீயமின்றி நம் வாழ்வு நடவாது. தியாகராய நகர்க் கடைவீதியில் நிற்கும் கார்களின் மின்கலத்தில் காரீயத் தகடுகளே உள்ளன. அதன் உடன்பிறப்பாகிய துத்தநாகத்தையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். குத்துவிளக்கின் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. கூரைத் தகடும் தண்ணீர் வாளியும் துருப்பிடியாமல் காப்பது அவற்றின் மேற்பூசிய துத்தநாகமே. இவ்விரண்டும் நிலத்தில் பெரும்பாலும் ஒருங்கே கிடைப்பதால், ஒன்றைத் தேடிச் செல்பவர் மற்றொன்றையும் காண்பர்.

எங்கே தேடுவது? உண்மையைச் சொன்னால், இவை இல்லாத இடமே இல்லை. சாதாரணப் பாறை ஒரு டன் எடுத்து ஆய்ந்தால், அதில் ஏறக்குறைய 70 கிராம் துத்தநாகமும் 15 கிராம் காரீயமும் இருக்கும். ஆனால் அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவில் அவ்வுலோகத்தைப் பன்மடங்கு வாங்கிவிடலாம். டன்னுக்குச் சில பத்துக் கிலோவாவது கிடைக்கும் இடமே தாது எனப்படும். இயற்கை தானே முன்வந்து, சிதறிக் கிடந்ததை நூற்றுக்கணக்கான மடங்கு செறிய வைத்த இடம் அது.

அவ்வாறு செறியவைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது வெந்நீர். நிலத்தின் ஆழத்தில் உப்பு மிகுந்த நீர் கொதிநிலைக்கு மேலும் சூடேறி, பாறைகளினூடே ஊர்ந்து, அவற்றிலுள்ள உலோகங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கின்றது. பின்னர்ப் பிளவு ஒன்று வாய்க்குமாயின் அதன் வழியே மேலேறுகின்றது. ஏறுந்தோறும் சூடு தணியும், அழுத்தம் குறையும். சுமந்து வந்த சுமையை அது பிளவின் இரு சுவர்களிலும் இறக்கிவிடுகின்றது. படிகக்கல்லும் சுண்ணக்கல்லும் முதலில் படிய, இடையிடையே காரீயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு கூடிப் படிகின்றன. இப்படி நிரம்பிய பிளவைத் தாதுக்கொடி என்று அழைப்பது மிகப் பொருத்தமே. கொடிபோலவே அது வளையும், கிளைக்கும், ஓரிடத்தில் கிழங்குபோல் பருக்கும், பத்தடி தள்ளி நூல்போல் இளைக்கும், சில வேளை அறுந்தும் போகும். கொடியைப் பின்தொடர்பவனுக்கு நாளைய நிலை இன்று தெரியாது.

தாதுக்களில் இரண்டை மட்டும் அறிந்துகொண்டால் இப்பாடத்துக்குப் போதும். கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் காரீயம். கையில் எடுத்தவுடன் அதன் கனமே அதனைக் காட்டிக்கொடுக்கும். சுத்தியால் தட்டினால் சின்னஞ் சிறு கனசதுரங்களாக உடைந்து பளபளக்கும். ஸ்பேலரைட் என்பது துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்தது. இது தேன் நிறத்தில் இருக்கும், பழுப்பாக இருக்கும், இரும்பு மிகுந்தால் கரிய நிறத்தில் கலீனாவைப் போலவே மின்னும். பழங்காலச் சுரங்கத்தார் இதைக் காரீயக்கல் என்று நம்பி உலையிலிட்டனர். ஒரு துளிக் காரீயமும் வரவில்லை. ஏமாற்றுவது என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்தே ஸ்பேலரைட் என்ற பெயர் வந்தது.

துத்தநாகமும் வரவில்லையே ஏன் எனலாம். வந்தது, புகையாய்ப் போயிற்று. துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகிவிடும். கரியுடன் சேர்த்துத் தாதுவை உருக்கும் சூடு அதற்கும் மேற்பட்டது. எனவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாய் மேலெழுந்து காற்றிற் கலந்து சாம்பலாகும். இவ்வாவியைப் பிடித்துக் குளிர்விக்கும் வழியைப் பேரளவில் கண்டவர்கள் இராசத்தானத்தில் உதயபுரிக்குத் தெற்கேயுள்ள சாவர் என்னும் ஊரினர். கத்தரிக்காய் வடிவில் மண்குடுவைகள் செய்து, தாதுவை நிரப்பி, உலைக்கு முப்பத்தாறாகத் தலைகீழாய் நிறுத்தி, மேலே நெருப்பும் கீழே குளிர்ச்சியுமாக அமைத்தனர். ஆவி கீழிறங்கிக் கழுத்து வழியே சொட்டியது. ஐரோப்பாவில் 1738-ஆம் ஆண்டில்தான் பிரிஸ்டல் நகரத்தார் ஒருவர் இத்தொழிலுக்கு உரிமை பெற்றார். சாவரில் அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே உலைகள் எரிந்துகொண்டிருந்தன. வேலை முடிந்து வீசிய குடுவைகளைச் செங்கல்போல் அடுக்கி அவ்வூரார் சுவர் எழுப்பினர். அத்தகைய குடுவைகளும் கசடும் பழங்குழிகளும் இன்று நிலவியலாருக்கு வழிகாட்டிகள் ஆகின்றன. முன்னோர் தோண்டிய இடத்தை முதலில் பார்ப்பது தேடுவோர் மரபு.

தமிழ் நாட்டில் இத்தாதுக்கள் உண்டா? விடையைத் தேடச் சென்னையிலிருந்தே புறப்படலாம். அடையாற்றுப் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் பரங்கிமலை நிற்கின்றது. அதன் கல் நீலங்கலந்த கருஞ்சாம்பல் நிறம். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற பொலிவு. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியிலிருந்து சென்ற இக்கல்லே கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைமேல் கிடப்பதை நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து கண்டறிந்தார். 1893-ஆம் ஆண்டில் அவர் இக்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இறந்த வணிகர் ஒருவரின் பெயரை உலகெங்கும் உள்ள பாறைகள் தாங்கி நிற்பதற்கு நம் ஊர்க் கல் காரணமாயிற்று. நிலத்துக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறிய பாறை அது. அதன்மேல் இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போனமையால் இன்று நாம் அதன்மேல் படிக்கட்டு அமைத்து ஏறுகின்றோம்.

இதே குடும்பத்துப் பாறைகள் தெற்கும் மேற்குமாக வெகுதூரம் பரவியுள்ளன. அவ்வழியே சென்றால் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மாமண்டூர் என்னும் ஊர் வருகின்றது. காஞ்சிக்கு அருகில் பல்லவர் குடைவரை உள்ள மாமண்டூர் வேறு. அதனோடு இதை மயங்கலாகாது. இந்த மாமண்டூரில்தான் துத்தநாகம், காரீயம், செம்பு ஆகிய மூன்றின் தாதுக்களும் கூடிய படிவம் ஒன்று உள்ளது. முன்னே சொன்ன கொடியைப்போல் பிளவில் ஊறிய எளிய படிவம் அன்று இது. தன்னைச் சூழ்ந்த பாறைகளோடு சேர்ந்து இதுவும் ஆழத்தில் வெந்து உருமாறியது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். துத்தநாகத்தை உள்ளே ஏற்ற ஸ்பினெல் என்னும் கடினமான கனிப்பொருள் அங்கே காணப்படுவது அதற்குச் சான்றாகும். இச்சிறு செய்தி வேறொரு வகையிலும் கருதத்தக்கது. ஸ்பினெலுக்குள் சிறைப்பட்ட துத்தநாகத்தை வழக்கமான உலைமுறையால் மீட்க இயலாது. துத்தநாகம் எத்தனை பங்கு என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் கல்லுக்குள் எத்தனை பங்கு என்றும் கேட்க வேண்டும்.

இத்தகைய படிவத்தை எவ்வாறு ஆராய்வர் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். கந்தகம் கலந்த தாது மழையும் காற்றும் படும் மேற்பரப்பில் நிலைத்திராது. அதிலுள்ள இரும்பு துருவாகி, செம்பழுப்பான, துளைகள் நிறைந்த ஓடாய் மேலே நிற்கும். துத்தநாகம் மழைநீரில் கரைந்து ஓடிவிடும். காரீயம் அவ்வளவு எளிதில் கரையாமையால் வெண்ணிறக் கட்டிகளாய் அத்துருவோட்டில் தங்கும். எனவே மேலே காரீயம் மட்டும் கண்டு, அடியில் துத்தநாகம் இல்லை என்று முடிவு கட்டியவன் தவறிவிடுவான்.

அடுத்து, கயிறு கட்டிக் கட்டம் கட்டமாய் நிலத்தைப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பிடி மண் எடுத்து ஆய்வர். பத்து இலட்சத்தில் நூறு பங்கு, இருநூறு பங்கு என்று எண்கள் வரும். அவற்றை வரைபடத்தில் எழுதி, உயர்ந்த எண்கள் எங்கே கூடுகின்றன என்று பார்ப்பர். இங்கும் ஒரு பொறி உண்டு. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுவரை காரீயம் கலந்த பெட்ரோல் வழக்கில் இருந்தது. அண்ணா சாலை ஓரத்து மண்ணை எடுத்து ஆய்ந்தால் காரீயம் மிகுந்து தோன்றக்கூடும். அது அடியிலுள்ள தாதுவினது அன்று, மேலே ஓடிய வண்டிகளின் புகையினது. மண் எடுப்பவன் சாலையை விட்டு விலகி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணுக்குப் பின் மின்சாரம். ஈரமண்ணில் துருவேறும் தாது தானே ஒரு மின்கலம்போல் செயற்பட்டு மெல்லிய மின்னோட்டத்தை எழுப்பும். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய மண்குடுவைகளில் செப்புக் கம்பிகளைச் செருகி, இரண்டு இடங்களில் ஊன்றி, இடையே உள்ள மின்னழுத்தத்தை அளப்பர். குறைந்த செலவில் நடக்கும் நல்ல முறை; ஆயினும் பென்சிலில் நாம் எழுதும் கிராபைட்டும் இதே குறியைக் காட்டும். சிவகங்கைப் பக்கத்தில் வெட்டி எடுக்கப்படும் அக்கனிப்பொருள், நம் பழம்பாறைகளில் வேறு பல இடங்களிலும் சிறுசிறு அளவில் உண்டு. இதற்கு நேர்மாறாக, தூய ஸ்பேலரைட் மின்சாரத்தைக் கடத்தாது; கருவியின் கண்ணுக்கு அது படாமலே போகலாம். கிரேக்கர் மொழியில் பெற்ற பெயரை அது இங்கும் காப்பாற்றிக்கொள்கின்றது.

இத்தனைக்கும் பிறகே துரப்பணம். வைரத்துகள் பதித்த வளையத்தைக் குழாயின் முனையில் பொருத்திச் சுழற்றினால், நடுவில் நீண்ட கல்தண்டு வெட்டுண்டு மேலே வரும். அதனைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழத்தை ஓரத்தில் எழுதி, நெடுக்கே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். மறுபாதியைக் காத்து வைப்பர். தாது சாய்ந்து கிடக்கும். துளை வேறு கோணத்தில் இறங்கும். வெண்டைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீண்டு தோன்றுவதுபோல், மெல்லிய தாதுவும் துளையில் தடித்ததாய்த் தோன்றும். கோணத்தை அறிந்து கழித்துக்கொள்ளாதவன் இரண்டு மீட்டரை நான்கு மீட்டர் என்று எழுதிவிடுவான். இந்தப் பிழை தாளில் ஓர் எண்தான். அதை நம்பிச் சுரங்கம் இறக்கினால், கிணறு வெட்டிக் கடன்பட்ட உழவனின் கதையாகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் ஆழம், 2 மீட்டர் தடிப்புள்ள தாதுக்கொடி. மூன்றையும் பெருக்க, 40,000 கனமீட்டர். கனமீட்டருக்கு 3.5 டன் எடை என்று கொண்டால் 1,40,000 டன். நூற்றுக்கு 5 பங்கு துத்தநாகம் என்றால் 7,000 டன் உலோகம். கேட்பதற்குப் பெருஞ்செல்வமே. ஆனால் நாளொன்றுக்கு 500 டன் அரைக்கும் சிறிய ஆலை அமைத்தாலும் 280 நாட்களில் வேலை முடிந்துவிடும். ஆலை கட்டவே அதைவிட நெடுங்காலம் ஆகும். மேலும், கொடி 60 சென்டிமீட்டர் தடிப்புள்ளதாயின் அதற்குள் ஆள் நின்று வேலை செய்ய முடியாது. ஒன்றரை மீட்டர் அகலமாவது வெட்டியாக வேண்டும். நூற்றுக்கு 10 பங்கு இருந்த தாது வெறுங்கல்லோடு கலந்து 4 பங்காய்த் தாழும்.

மாமண்டூர்ப் படிவத்தின் அளவு பத்து இலட்சம் டன்னுக்கும் குறைவு. முன்சொன்ன சிறிய ஆலையை ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால், ஏழு ஆண்டுகளுக்குள் எல்லாம் தீர்ந்துபோம். இராசத்தானத்தில் இராம்புரா ஆகுச்சா என்னும் இடத்தில் 1977-ஆம் ஆண்டில் ஒரு படிவம் கண்டறியப்பட்டது. உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றாய் அது விளங்குகின்றது. ஓராண்டில் 40 இலட்சம் டன்னுக்கு மேல் தாது எடுத்ததும் உண்டு. அவ்வேகத்தில் வெட்டினால் மாமண்டூர் மூன்று மாதத்துக்கும் போதாது.

செலவுக் கணக்கில் எழுதப்படாத செலவும் உண்டு. கந்தகத் தாதுவை வெட்டி வெளியே குவித்தால், மழைநீர் பட்டு அமிலம் ஊறும். அந்நீர் காரீயத்தையும், ஸ்பேலரைட்டில் ஒட்டியிருக்கும் காட்மியம் என்னும் நஞ்சையும் சுமந்து கிணறுகளை நோக்கிச் செல்லும். தடுக்க வழிகள் உள்ளன. ஆனால் சுரங்கம் மூடிய பின்னும் பல்லாண்டு காவல் இருந்தாக வேண்டும். ஏழு ஆண்டு வருவாய்க்கு எத்தனை ஆண்டுக் காவல் என்பதை, கிணற்றுநீர் குடிக்கும் ஊராரைக் கேளாமல் கணக்கிட முடியாது. சொம்பில் கலந்த காரீயத்துக்கு அஞ்சும் நாம், கிணற்றில் கலப்பதற்கும் அஞ்சவே வேண்டும்.

நாட்டின் கனிவளக் கணக்கை எழுதி வைப்பது இந்தியச் சுரங்கத் துறை அலுவலகம். 1948-ஆம் ஆண்டில் தோன்றிய அதன் தலைமையிடம் நாகபுரி. சென்னை மண்டல அலுவலகம் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் இராஜாஜி பவனில் உள்ளது. அக்கணக்கில் இரண்டு பத்திகள் உண்டு. வெட்டி எடுத்தால் ஆதாயம் உண்டு என்று ஆய்ந்து தெளிந்தது ஒரு பத்தி. இருப்பதாக அறிந்தும் அத்தகுதி பெறாதது மற்றொரு பத்தி. 2015-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் காரீய, துத்தநாகத் தாது ஏறத்தாழ 75 கோடி டன். அதில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு இராசத்தானத்தினது. தமிழ் நாட்டின் பங்கு முழுவதும் இரண்டாம் பத்தியில் நிற்கின்றது.

ஆய்ந்தவர் உழைப்பு வீணாயிற்று என்று சிலர் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இல்லாத சுரங்கத்தில் பணமும் உயிரும் இழவாமல் ஓர் ஊரைக் காத்தது எளிய பயன் அன்று. அதுவுமன்றி, இரண்டாம் பத்தியில் எழுதியது என்றும் அங்கேயே நிற்கும் என்பதில்லை. துத்தநாகத்தின் விலை உயரலாம். நஞ்சுநீரை அடக்கும் செலவு குறையலாம். ஆழத்தில் தாது இன்னும் தொடர்வது தெரியவரலாம். அப்போது வருபவர் உடனே துளையிட மாட்டார். முன்னவர் காத்து வைத்த கல்தண்டுப் பெட்டிகளைத் திறந்து, தூசியைத் துடைத்து, கல்லின்மேல் சிறிது நீரைத் தெளிப்பார். நனைந்த கல்லில்தான் நிறம் தெளியும். கலீனா எது, அதனைப்போல் மின்னும் ஸ்பேலரைட் எது என்று அவர் அங்கிருந்தே மறுபடியும் பார்க்கத் தொடங்குவார்.